செய்நிரல் நூல்களின் குணமும் குற்றமும்

அச்சேறிய சொல் மெய்ச்சொல்லென்று நம்மவர் நெடுங்காலமாக நம்பி வந்திருக்கின்றனர். நூலொன்று தவறிக் காலிற் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கம் நம் இல்லங்களில் இன்றும் உண்டு. இந்நம்பிக்கை நன்று. ஆயினும், ஒருவகை நூல்களைப் பொறுத்தவரையில் இதுவே மாணாக்கனுக்குத் தீங்காய் முடிதலுங் கூடும். இணையத்தளம் ஆக்குங் கலையைக் கற்பிக்கும் செய்நிரல் நூல்களையே ஈண்டுக் குறிக்கின்றேன். தமிழாசிரியனொருவன் இத்துறையிற் புகுந்து பேசுவது என்னையெனின், அதற்குக் காரணம் உண்டு. அதனை முதற்கண் கூறிவிடுதல் முறையாகும்.

எம் கல்லூரி நூலகத்தின் பொறுப்புச் சில ஆண்டுகளாக என்பால் உள்ளது. இலண்டன், ரொறன்ரோ, மெல்பேண் முதலாய நகரங்களில் வாழும் பழைய மாணவர்கள் அவ்வப்போது நூற்பெட்டிகள் அனுப்பிவைப்பர். அவற்றுட் கணினி நூல்களே பெரும்பான்மையன. உயர்தர வகுப்பு மாணவனொருவன், இல்ல விளையாட்டுப் போட்டியின் புள்ளிகளை இணையத்தளமொன்றில் இட விரும்பி, அதற்கேற்ற நூலொன்று தருமாறு கேட்டான். வந்தவற்றுள் ஆகப் பருமனானதும், கட்டுக் குலையாததும், விலை மிக்கதுமாகிய பி.எச்.பி. நூலொன்றை யான் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்து அவன் அதனைத் திருப்பிக் கொண்டுவந்து, “சேர், எனக்கு இது சரிவராது, பாடத்தை மாற்றப் போகிறேன்” என்றான். நூலிற் கண்டபடி எழுத்துப் பிசகாமற் பலமுறை எழுதியும் கணினி ஏற்கவில்லை என்பதே அவன் குறை. நூல் பிழைபடும் என்ற எண்ணம் அவனுக்கு ஒருபோதும் உதிக்கவில்லை. தன் அறிவே குறைவுடையதென்று முடிவு செய்திருந்தான்.

கணினி கற்பிக்கும் ஆசிரியர் அந்நூலைப் புரட்டிப் பார்த்து ஐந்து நிமிடத்திற் காரணங் கூறினார். நூல் 2003ஆம் ஆண்டிற் பதிப்பிக்கப்பெற்றது. தரவுத்தளத்தோடு தொடர்புகொள்ளுதற்கு அது கற்பித்த பழைய மை எஸ்.கியூ.எல். கட்டளைகள், 2013ஆம் ஆண்டிலேயே கைவிடத்தக்கன என்று அறிவிக்கப்பட்டு, 2015ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த பி.எச்.பி. ஏழாம் பதிப்பில் முற்றாக நீக்கப்பட்டுவிட்டன. மாணவன் எழுதியதிற் பிழையேதும் இல்லை. நூலாசிரியரும் அன்று பொய் சொன்னாரல்லர். நூலை ஆராயாது கொடுத்த யானே பிழை செய்தவன். அதன்பின் விடுமுறைக் காலத்தில் அவ்வாசிரியரிடம் அமர்ந்து இத்துறையின் அரிச்சுவடியைக் கற்றுக்கொண்டேன். அங்ஙனங் கற்றதையும், ஆசிரிய கலாசாலையிற் படித்த நன்னூலையும் சேர்த்து நோக்கியபோது தோன்றியவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

பாயிரம் கேட்டல்

நூலொன்றைக் கற்கப் புகுமுன் அதன் பாயிரத்தை அறிதல் வேண்டுமென்பது நம் முன்னோர் கொள்கை. பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர், நூலை ஆக்கியோன் யார், அது எவ்வழியில் வந்தது, எந்நிலத்தில் வழங்குவது, அதன் பெயர் யாது, எவ்வாறு யாக்கப்பட்டது, எப்பொருளைப் பற்றியது, கேட்டற்குரியார் யாவர், பயன் யாது என்னும் எட்டும் சிறப்புப் பாயிரத்தின் இலக்கணமென்றார். இவற்றோடு காலம், களம், காரணம் என்னும் மூன்றனையுங் கூட்டிப் பதினொன்றென்பாரும் உளரென்றார். இலக்கண நூலுக்குக் காலம் பிற்சேர்க்கையாக நின்றதில் வியப்பில்லை. எழுநூறு ஆண்டு கழிந்தும் நன்னூலைப் பாடஞ் சொல்கின்றோம். செய்நிரல் நூலுக்கோ காலமே முதல் வினாவாகும்.

காலம்

இணையப் பக்கங்களுக்கு இயக்கந் தரும் ஜாவாஸ்கிரிப்ற் என்னும் மொழியை எடுத்துக்கொள்வோம். 1995ஆம் ஆண்டு நெற்ஸ்கேப் நிறுவனத்திற் பணியாற்றிய பிரெண்டன் ஐக் என்பார் பத்து நாளளவில் அதன் முதல் வடிவை ஆக்கினார். 1997இல் எக்மாஸ்கிரிப்ற் என்னும் பெயரால் அதற்கொரு நியமம் வகுக்கப்பட்டது. 2009இல் ஐந்தாம் பதிப்பும், 2015இல் ஆறாம் பதிப்பும் வெளிவந்தன. இவ்வாறாம் பதிப்பு மொழியின் தோற்றத்தையே மாற்றிவிட்டது. மாறிகளை அறிவித்தற்கும், செய்நிரலைக் கூறுகூறாகப் பிரித்து வைத்தற்கும், காலந்தாழ்த்து வரும் விடைகளைக் கையாளுதற்கும் அது புதிய முறைகளைத் தந்தது. அதன்பின் ஆண்டுதோறும் ஒரு பதிப்பு வெளிவருகின்றது. ஆகவே 2015க்கு முற்பட்ட ஜாவாஸ்கிரிப்ற் நூல் எத்துணைச் சிறந்ததாயினும், இன்று தொழிலகங்களில் எழுதப்படும் மொழியை அது கற்பியாது.

பக்கத்தை அழகுற வகுக்கும் முறையும் இத்தகையதே. முதலில் அட்டவணைகளைக் கொண்டு பக்கத்தைக் கூறுபடுத்தினர். பின்னர்ப் பகுதிகளை இடமும் வலமுமாக மிதக்கவிட்டு ஒழுங்குசெய்தனர். 2017ஆம் ஆண்டிற் பெரிய மேலோடிகள் யாவும் கட்டமைவு முறையை ஏற்றபின் அவ்வுபாயங்கள் பலவும் தேவையற்றனவாயின. ஜோன் டக்கற் என்பார் 2011இல் எழுதிய ‘எச்.ரி.எம்.எல். அன்ட் சி.எஸ்.எஸ்.’ என்னும் நூல், படமும் வண்ணமுங் கொண்டு தொடக்கநிலையாளர் அச்சத்தைப் போக்குவதிற் பெயர்பெற்றது. அதன் முற்பகுதியை இன்றும் மாணவனுக்குக் கொடுக்கலாம். பக்க வகுப்பைக் கூறும் இயலை மட்டும் புதிய நூலொன்றிற் கற்குமாறு சொல்லுதல் வேண்டும்.

இதனால் பழைய நூலெல்லாந் தீயன என்று கொள்ளற்க. பிறையன் கேர்ணிகனும் டெனிஸ் றிச்சியும் சி மொழியைப் பற்றி 1978இல் எழுதி, 1988இல் இரண்டாம் பதிப்பாகத் திருத்திய நூல் முந்நூறு பக்கங்களுக்கும் குறைந்தது. அது இன்றும் கற்கப்படுகின்றது. ஸ்ரீவ் குறூக் என்பார், இணையத்தளத்திற்கு வருவோனை மயங்கவைத்தலாகாது என்பதை விளக்கி 2000ஆம் ஆண்டில் எழுதிய ‘டோன்ற் மேக் மி திங்க்’ என்னும் நூலும் அங்ஙனமே. மேலோடிகள் மாறினும், பக்கத்தை நோக்கும் மனிதனின் கண்ணும் மனமும் மாறவில்லையன்றோ? கருவியின் மேற்பரப்பைப் பற்றிய நூல் விரைவில் முதுமையெய்தும். சிந்திக்கும் முறையையும் மாந்தரியல்பையும் பற்றிய நூல் நெடுநாள் நிற்கும். ஆதலின் நூலின் ஆண்டைப் பார்க்குமிடத்து, அதன் பொருள் இவ்விரண்டனுள் எதனைச் சார்ந்தது என்பதையும் உடன் பார்த்தல் வேண்டும். அச்சிட்ட ஆண்டை மாத்திரம் நோக்குதலும் போதாது. மறுபதிப்பு வேறு, திருத்திய பதிப்பு வேறு. முன்னுரையில், மொழியின் எப்பதிப்பைக் கொண்டு உதாரணங்கள் எழுதப்பட்டன என்பது கூறப்பட்டிருத்தல் வேண்டும். அது கூறாத நூலை ஐயத்தோடு நோக்குக.

கேட்போர்

ஒரு நூல் நன்றோ தீதோ என்னும் வினா, யாருக்கு என்று சேர்த்துக் கேட்டாலன்றி விடைபெறாது. டேவிட் பிளனகன் என்பார் 1996இல் முதன்முதல் வெளியிட்ட ‘ஜாவாஸ்கிரிப்ற்: த டெஃபினிற்றிவ் கைட்’ என்னும் நூல் இத்துறையிற் பெருமதிப்புடையது. ஆயினும், முன்னரே பிறிதொரு மொழியிற் செய்நிரல் எழுதிப் பழகியவனுக்கே அது துணையாகும். தொடக்க மாணவன் கையில் அதனைக் கொடுத்தல், எழுத்துக்கூட்டி வாசிக்கும் சிறுவன் கையில் நிகண்டைக் கொடுத்தல் போல்வதாம். மரைன் ஹாவர்பேக்க என்பாரின் ‘எலொக்குவென்ற் ஜாவாஸ்கிரிப்ற்’, செய்நிரலாக்கத்தை அடியிலிருந்தே தொடங்குவது. 2024இல் நான்காம் பதிப்புக் கண்டது. ஆசிரியர் அதனை இணையத்திலும் விலையின்றி வாசிக்க வைத்திருக்கின்றார். எனினும் அதன் ஏற்றம் செங்குத்தானது. பயிற்சிகளைச் செய்யாமல் வாசித்துச் செல்வோன் நான்காம் இயலில் மூச்சுத் திணறுவான். டக்ளஸ் குறொக்போட் என்பாரின் ‘ஜாவாஸ்கிரிப்ற்: த குட் பார்ற்ஸ்’ 2008இல் வந்தது, இருநூறு பக்கங்களுக்கும் குறைந்தது. மொழியிற் கொள்ளத்தக்கது இது, தள்ளத்தக்கது இது என்று துணிந்து பிரித்தமையே அதன் சிறப்பு. இன்று மொழி பெருகி மாறிவிட்டமையால், அதனை முதல்நூலாகக் கற்பித்தல் பொருந்தாது. கற்றவன் வாசித்தால் தெளிவு பெறுவான். இவை மூன்றும் நல்ல நூல்கள். ஆயினும் மூன்றும் மூவகை மாணாக்கருக்கு உரியன.

நம் மாணவர்க்கு இன்னுமொரு நோக்கு உண்டு. ஆங்கிலத்தில் அமைந்த நூல் சிறுசிறு வாக்கியங்களாற் செல்கின்றதா, அன்றி அமெரிக்கச் சிறுவர்க்கு மட்டும் விளங்கும் பகடியும் திரைப்படக் குறிப்பும் மலிந்ததா என்று பார்த்தல் வேண்டும். அங்குள்ளார்க்குச் சுவைதரும் பகடி இங்குள்ளானுக்கு இரட்டைச் சுமையாகும். தமிழில் எழுதிய நூலாயின், கலைச்சொற்கள் முதலிலிருந்து முடிவுவரை ஒரே வடிவில் வருகின்றனவா என்று காண்க. ஒரு பொருளுக்கு ஓரியலில் ஒரு சொல்லும், மற்றோரியலில் வேறொரு சொல்லும் ஆளுதல் நன்னூலார் கூறிய மயங்கவைத்தல் என்னும் குற்றமாம்.

உதாரணம்

விளங்கும் உதாரணம் உடைமையை நூலின் அழகுகளுள் ஒன்றாக வைத்தனர் முன்னோர். செய்நிரல் நூலில் உதாரணமே உயிர். அதனைச் சோதித்தற்கு எளிய வழியுண்டு. முதலியலைத் திறவாது நடுவிலுள்ள இயலொன்றைத் திறந்து, அங்குள்ள செய்நிரலைக் கையாலெழுதிக் கணினியில் இயக்கிப் பார்த்தல் வேண்டும். முதலியல் எல்லா நூலிலும் நன்றாகவே இருக்கும். நடுவிலேதான் ஆசிரியரின் பொறுமை வெளிப்படும். ஆங்கு உதாரணம் முழுமையாகத் தரப்பட்டிருக்கின்றதா, துண்டு துண்டாகத் தரப்பட்டு எஞ்சியதை மாணவன் ஊகிக்க விடப்பட்டிருக்கின்றதா? இவ்வாறு எழுதுக என்பதோடு அமையாது, ஏன் இவ்வாறு எழுதுதல் வேண்டுமென்பதும் கூறப்பட்டிருக்கின்றதா? பிழை நேர்ந்தாற் கணினி என்ன சொல்லும், அதனை எவ்வாறு களைவதென்று ஓரிடத்திலேனும் காட்டப்பட்டிருக்கின்றதா? தொழிலின் பெரும்பகுதி பிழை காண்பதே. பிழையே நேராத உலகத்தைக் காட்டும் நூல் மாணவனைக் கைவிட்டுவிடும்.

பருமனைக் கண்டு மயங்கலாகாது. யான் மயங்கியதை மேலே கூறினேன். திரையின் படங்களும், பொத்தான்களின் பெயர்களும், எவரும் இணையத்தில் எளிதிற் காணத்தக்க கட்டளைப் பட்டியல்களும் பக்கங்களை நிரப்பினால், அது வெற்றெனத் தொடுத்தல் என்னும் குற்றத்தின்பாற் படும். மேற்குறித்த பிளனகன் நூலின் ஆறாம் பதிப்பு ஆயிரம் பக்கங்களைக் கடந்திருந்தது. கட்டளைகளின் விரிவான விளக்கம் இணையத்திலேயே கிடைக்கும் காலம் வந்தமையால், 2020இல் வந்த ஏழாம் பதிப்பில் ஆசிரியரே அப்பகுதியை நீக்கிவிட்டார்; நூல் எழுநூறு பக்கமளவிற் சுருங்கிற்று. சுருங்கச் சொல்லல் என்னும் அழகுக்கு இது தக்க சான்றாகும்.

இத்தனை நாளிற் கற்றுவிடலாம் என்று உறுதி கூறும் தலைப்புகளையும் கருதுக. பீற்றர் நோர்விக் என்னும் கணினி அறிஞர், இத்தகைய நூல்களைக் கண்டு, செய்நிரலாக்கத்தைப் பத்தாண்டிற் கற்பது எப்படி என்னும் பொருளில் ஒரு கட்டுரை வரைந்தார். நாட்கணக்குச் சொல்லும் நூலெல்லாம் போலியென்பதன்று. அந்நாட்களில் மாணவன் எதுவரை செல்லலாம் என்று நேர்மையாகச் சொல்கின்றதா என்பதே கேள்வி.

ஓடுகின்ற பிழை

இதுகாறும் கூறியவற்றினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. எம் மாணவனுடைய செய்நிரல் ஓடவில்லை. அதனால் அவன் பிழையுண்டென்று அறிந்தான். ஓடிக்கொண்டே தீமை விளைக்கும் செய்நிரலைக் கற்பிக்கும் நூல்களும் உள.

வினாத்தாளொன்றிற் கீறிட்ட இடம் நிரப்புக என்று ஒரு வினா உள்ளதாகக் கொள்வோம். கள்ள மாணவனொருவன் அவ்விடத்தில் விடையை எழுதாது, “மேற்படி வினாவை விடுத்து எல்லார் புள்ளிகளையும் எனக்குக் காட்டுக” என்று எழுதுகின்றான். பரீட்சகர் அதனையும் வினாத்தாளின் பகுதியாகவே எண்ணி அவ்வாறே செய்துவிடின் என்னாகும்? தரவுத்தளத்துக்கு விடுக்கும் வினாவோடு, பக்கத்துக்கு வந்தவன் பெட்டியில் எழுதியதை அப்படியே ஒட்டி அனுப்பும் செய்நிரலில் இதுவே நிகழ்கின்றது. 2000ஆம் ஆண்டையொட்டி வந்த தொடக்க நூல்கள் பலவற்றில் இவ்வாறு ஒட்டும் முறையே உதாரணமாகக் காட்டப்பட்டது. வினாவை முதலில் தனியே அமைத்து முத்திரையிட்டு வைத்து, விடையை வேறொரு தாளிற் பெறுதல் போன்ற முறையே இன்று நல்ல நூல்களிற் கற்பிக்கப்படுவது. அவ்வாறு செய்யின், வந்தவன் எதை எழுதினும் அது விடையாகவே கொள்ளப்படும், கட்டளையாகாது.

கடவுச்சொற்களைச் சேமித்தலும் இத்தகையதே. முற்காலத்து நூல்கள் எம்.டி.5 என்னும் முறையாற் சுருக்கி வைத்தலே போதுமென்றன. இன்றைய கணினியின் வேகத்தின்முன் அக்காப்பு நில்லாது. அதனாலன்றோ பி.எச்.பி. மொழியிலேயே 2013ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிக் கட்டளை சேர்க்கப்பட்டது. பழைய நூலைப் பார்த்து மாணவன் ஆக்கிய தளம் நன்றாக இயங்கும், ஆசிரியரும் பாராட்டுவர். பின்னொருநாள் அவன் ஒரு மருந்துக்கடைக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ அதே முறையில் தளம் அமைத்துக் கொடுப்பான். அங்கே பிறருடைய பெயரும் பணமும் நோயும் கள்வர்க்குத் திறந்து கிடக்கும். ஆதலின் நூல் தெரிவுசெய்வோர், தரவுத்தளம் பற்றிய இயலைத் திறந்து, அங்கு ஒட்டும் முறை காணப்படின் அந்நூலை மாணவர் கையிற் கொடாதிருத்தல் வேண்டும். ஏனைய குற்றங்களைப் பொறுக்கலாம், இதனைப் பொறுக்கலாகாது.

ஆசிரியரும் வழியும்

ஆக்கியோன் இத்துறையிற் கைபழகியவனா என்பதும், அவன் கூற்றைப் பிறர் சோதித்தனரா என்பதும் அடுத்து நோக்கற்பாலன. நல்ல பதிப்பகத்தார் அச்சிடுமுன் துறையறிந்தோர் சிலரிடம் கொடுத்துச் செய்நிரல்களை இயக்கிப் பார்க்கச் செய்வர்; நன்றியுரையில் அன்னார் பெயர்கள் காணப்படும். பொறியே எழுதிய உரையை நூலாக்கி விற்போரும் இன்று தோன்றியிருக்கின்றனர். 2023ஆம் ஆண்டு செப்தெம்பரில், சொந்தமாகப் பதிப்பிப்போர் நாளொன்றுக்கு மூன்று நூலுக்கு மேல் ஏற்றலாகாதென அமேசான் நிறுவனம் வரையறை செய்தமை இவ்வெள்ளத்தின் அளவை ஒருவாறு உணர்த்தும். ஆக்கியோனைப் பற்றி நூலுக்கு வெளியே வேறெங்கும் ஒரு சுவடும் இல்லையாயின் அந்நூலை விலைகொடுத்து வாங்கற்க.

விற்பனையிடங்களில் வாசகர் எழுதும் மதிப்புரைகளையும் பகுத்தறிந்தே கொள்ளல் வேண்டும். நூல் கைக்கு வந்த அன்றே எழுதிய புகழுரையாற் பயனில்லை. இன்ன இயலில் இன்ன உதாரணம் இயங்கவில்லை என்று குறித்துக்காட்டும் குறையுரை ஒன்று, பொதுவாகப் புகழும் நூறினும் மேலானது.

பிழைதிருத்தம்

நூலின் இறுதியிலோ பதிப்பகத்தாரின் தளத்திலோ பிழைதிருத்தப் பட்டியல் இருத்தல் குறையன்று. அது நேர்மையின் அடையாளம். ‘த ஆர்ட் ஒஃப் கொம்பியூற்றர் புறோகிறாமிங்’ என்னும் பெருநூலின் முதற் பாகத்தை 1968இல் வெளியிட்ட டொனால்ட் குனூத் என்னும் பேராசிரியர், தம் நூலிற் பிழையொன்றை முதலிற் காட்டுவோர்க்கு 2.56 டொலர் பரிசளித்து வந்தார். 256 சதம், கணினியார் வழங்கும் பதினாறடி எண்முறையில் 100 என நிற்கும் என்பது அவர் வேடிக்கை. அப்பரிசுக் காசோலையைப் பெற்றோர் அதனைப் பணமாக மாற்றாது சட்டமிட்டுச் சுவரில் மாட்டினர். அத்தகைய பேரறிஞரே தம் நூல் பிழைபடும் என்று கொண்டாராயின், பிழையே இல்லையென நடிக்கும் நூலை யாம் எங்ஙனம் நம்புவது?

எம் நூலகத்துக்கு

பழைய மாணவ அன்பர்கட்கு ஒரு விண்ணப்பம். தாங்கள் அனுப்பும் பெட்டிகள் அன்பினால் வருவன. அவ்வன்பை யாம் மறவோம். ஆயினும் பயன்படுத்தி முடிந்த பத்து நூலினும், எம் கணினி ஆசிரியரைக் கேட்டு வாங்கிய புதிய நூல் ஒன்று மாணவர்க்கு மிக்க பயன் தரும். கணிதமும் இலக்கியமும் எத்துணைப் பழையனவாயினும் அனுப்புக. செய்நிரல் நூல் அனுப்புமுன் ஆண்டையும் மொழிப் பதிப்பையும் குறித்து எழுதிக் கேட்டருளுக.

ஏலவே வந்தவற்றை என் செய்வதெனச் சிலர் வினவினர், எறிந்துவிடலாமென்றும் கூறினர். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டதைக் கண்ணாற் கண்டோர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். நூலை எறிய நமக்குக் கை வருவதில்லை, வரவும் வேண்டுவதில்லை. எனவே வேறொரு வழி செய்தோம். அவற்றைத் தனித் தட்டொன்றில் அடுக்கி, ஒவ்வொன்றின் முன்னட்டையின் உட்புறத்தும் சீட்டொன்று ஒட்டினோம். நூலின் ஆண்டு, மொழியின் பதிப்பு, எவ்வியல் இன்றுஞ் செல்லும், எவ்வியல் செல்லாது என்பன அதில் எழுதப்பட்டுள்ளன. துறையின் வரலாற்றைக் கற்போர்க்கு அத்தட்டு நல்ல விருந்தாகும்.

அச்சீட்டுகளுட் பெரும்பாலானவற்றை எழுதியவன், பாடத்தை மாற்றப் போவதாகச் சொன்ன அம்மாணவனே. அவன் பாடத்தை மாற்றவில்லை; இல்ல விளையாட்டுப் போட்டிக்குரிய தளத்தையும் மறு ஆண்டு செய்து முடித்தான். முதற்சீட்டை யான் கொடுத்த அப்பருத்த நூலில் ஒட்டினான். அதில் ஆண்டையும் பதிப்பையும் குறித்தபின், “இதிலுள்ளது ஓடாவிட்டால் உங்களிற் பிழையில்லை” என்று தன் கையாலே ஒரு வரி சேர்த்திருக்கின்றான். அவ்வரியை அழிக்குமாறு யான் சொல்லவில்லை.